வேந்தன்பட்டிக்கு வந்த பெருமை

புதுக்கோட்டையைப் பின்தங்கிய மாவட்டம் என்று இனி யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். கும்பகோணத்து 'ஹெலிகாப்டர் சகோதரர்கள்' எம்.ஆர். கணேஷும் எம்.ஆர். சுவாமிநாதனும், போலீஸ் தேடிய நேரத்தில், ஊட்டியும் கொடைக்கானலும் இருக்க, எங்கள் பொன்னமராவதி பக்கத்து வேந்தன்பட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். 2021 ஆகஸ்டில் அங்கே ஒரு பண்ணை வீட்டில்தான் பிடிபட்டார்கள். வேந்தன்பட்டி நெய் நந்தி பேர்பெற்றவர். எவ்வளவு நெய் ஊற்றினாலும் ஓர் ஈ, எறும்பு அண்டாது என்பார்கள். பால் வியாபாரத்தில் தலையெடுத்தவர்கள் அந்த ஊரை நாடி வந்ததில் வியப்பென்ன? போலீஸ்காரர்கள் ஈ, எறும்பு வகையில் சேரமாட்டார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை போலும்.

போட்ட பணத்தை ஒரே வருஷத்தில் இரட்டிப்பாக்கித் தருவதாகச் சொன்னார்கள் என்பது புகார். வாய்ச்சொல்லில்கூடக் கஞ்சத்தனம் காட்டாத மனசு! ஒரு தம்பதி 15 கோடி ரூபாய்க்குப் புகார் கொடுத்தார்கள். 600 கோடி என்றன கும்பகோணத்துச் சுவரொட்டிகள். வழக்கைக் கோர்ட் பார்த்துக்கொள்ளும். எனக்கு மலைப்பெல்லாம் அந்த ஹெலிகாப்டர் மேல்தான். வீட்டுப் பிறந்தநாள் விழாவுக்கு வானத்திலிருந்து பூ தூவினார்களாம். தலையில் பூ விழுந்த பிறகும் கணக்கு வழக்கைக் கேட்பது மரியாதையா, சொல்லுங்கள்.

எங்கள் கிழக்குப் பக்கத்து ஜனங்களை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது. கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கம் ஆடி பிறந்தால் மொய் விருந்து. கிடா வெட்டிச் சோறு போட்டு, பந்தலில் ஒருவர் நோட்டோடு உட்கார்ந்து பேர், ஊர், தொகை எழுதிக்கொள்வார். 2019இல் வடகாட்டில் ஒரு விவசாயியின் விருந்தில் 4 கோடி ரூபாய் விழுந்தது. வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. வாங்கிய மொய்யை, கொடுத்தவர் விருந்து வைக்கும்போது, மேலே கொஞ்சம் புது மொய்யும் சேர்த்துச் செய்துவிடுவார்கள். தவறினால் ஊரில் தலைகாட்ட முடியாதே என்று நடுங்குகிற கோழைகள்! நாலு கோடி கையில் இருந்தும் பண்ணை வீடு தேடத் தோன்றாதவர்களை என்னவென்பது?

படித்தவர்கள் ரகமே தனி. ஹைதராபாத் சத்யம் கம்பெனிக்கு 2008 செப்டம்பரில் நிர்வாக நேர்த்திக்காகத் 'தங்க மயில்' விருது கொடுத்தார்கள். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று தாமே கடிதம் எழுதினார். இல்லாத பணத்துக்கு வருஷா வருஷம் ஆடிட்டர் கையெழுத்து வாங்கிய திறமைக்கு ஒரு மயில் போதுமா? எங்கள் விராலிமலை மயில்களுக்கு இதுவரை ஒரு விருதும் இல்லை. கணக்கு எழுதத் தெரியாத பறவைகள்.

திருப்பூர் பாசி நிறுவனத்தையும் விடக்கூடாது. சுமார் 930 கோடி ரூபாய் விவகாரம். 2009இல் நொடித்தது, இயக்குநர்கள் இருவருக்கு 27 வருஷ சிறை என்று கோவை கோர்ட் சொன்னது 2022இல். முதலீட்டாளர்களுக்குப் பதின்மூன்று வருஷம் பொறுமையை இலவசமாகக் கற்றுக்கொடுத்த வேறு கம்பெனி உண்டா?

வருகிற ஆடியில் மொய் விருந்து வைக்கப்போகிறவர்களுக்கு என் யோசனை இதுதான்: கிடா, பந்தல், நோட்டு எல்லாம் வீண் செலவு. ஒரு மணி நேரத்துக்கு ஹெலிகாப்டர் பிடித்து, வடகாட்டைச் சுற்றி நாலு கூடை பூவைக் கொட்டச் சொல்லுங்கள். பூவுக்கு அலைய வேண்டாம், கீரமங்கலம் பூ மார்க்கெட்டிலேயே கிடைக்கும்.