மூடியைத் திறக்காதே, கண்ணு!

ஏங் கண்ணு, பெரணி வளர்க்கப் போறியாமா! அதும் சட்டியோட வாங்கியாந்து இல்ல, இலைக்கடியில இருக்கற தூளைத் தூவி முளைக்க வெச்சு. கேட்டதும் எனக்குச் சந்தோசம் தாங்கல. தண்ணி ஊத்தி ஊத்தியே கத்தாழையைக் கொன்ன கையில இப்படி ஒரு வீரம் வந்திருக்குதுன்னு உன்ற அப்பத்தாகிட்டச் சொன்னேன். அவ சிரிச்ச சிரிப்பை உங்கிட்டச் சொல்ல மாட்டேன்.

சாமான் வாங்கறதுக்கு முன்னால ஒண்ணைக் கேட்டுக்கோ. நெல்லு, ராகி, தக்காளியெல்லாம் பாடுபடறவனுக்கு வளரும். பெரணி சும்மா இருக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் வளரும். ஆபீசுல நீ எப்படியிருப்பேன்னு எனக்குத் தெரியாது. வீட்டுல சும்மா இருக்கறதுல உன்னை மிஞ்ச ஆளில்ல. அதனால கொஞ்சம் நம்பிக்கை இருக்குது.

பெரணின்னா என்னமோ ஊட்டியில துரைமாருங்க கண்ணாடி ரூமுக்குள்ள வளர்த்ததுன்னு நெனைச்சுக்காத. கொல்லிமலைக்குப் போயி, சைவ ஆட்டுக்கால்னு முடவாட்டுக்கால் சூப்பை ரெண்டு கிளாஸ் உறிஞ்சினியே, அந்தக் கிழங்கு பாறையிலயும் மரத்துலயும் தொத்தி வளர்ற ஒரு பெரணியோடது. வயக்காட்டு ஈரத்துல நாலு இலையா விரிஞ்சு நிக்கற ஆரைக்கீரை, அதும் பெரணி. மாட்டுத் தீவனத்துக்குத் தொட்டியில விடறோமே அசோலா, அதும் பெரணிதான். பழைய கிணத்துக்குள்ள எட்டிப் பாரு. செங்கல் இடுக்குல, சுண்ணாம்பு பேந்த எடத்துல, கறுப்புக் காம்பும் பச்சை இலையுமா தொங்கிட்டிருக்கும். யாரு நட்டா? யாரு உரம் வெச்சா? எல்லாம் காத்துல வந்த தூள்.

பூக்காது, காய்க்காது, ஆனா ஊரெல்லாம் முளைக்குது. இதைப் பார்த்து ஐரோப்பாக்காரன் தலையைப் பிச்சுக்கிட்டான். விதையில்லாம செடி ஏது? அப்ப விதை இருக்குது, அது கண்ணுக்குத் தெரியாத விதைன்னு முடிவு கட்டினான். அதோட நின்னானா? அதைக் கையில வெச்சிருந்தா நாமளும் யாரு கண்ணுக்கும் தெரிய மாட்டோம்னு நம்பி, ஜூன் மாசத்துல யோவான் திருநாளுக்கு முந்தின ராத்திரி அதைப் பிடிக்கக் காத்துக் கெடந்திருக்கான். ஷேக்ஸ்பியரோட ‘நான்காம் ஹென்றி’ நாடகத்துல ஒரு வழிப்பறிக்காரன் இதைச் சொல்லியே பீத்திக்குவான். அந்த விதை நம்ம சந்தையில வந்திருந்தா, கூட்டுறவுச் சங்கத்துல கடன் வாங்கினவனெல்லாம் மூட்டைக்கணக்குல வாங்கியிருப்பான். கடைசியில ஜமைக்காவுல இருந்த ஜான் லிண்ட்சேங்கற அறுவை வைத்தியர், தூளை மண்ணுல தூவி, அது முளைக்கறதைக் கண்ணால பார்த்து எழுதினாரு. லண்டன் லின்னேயன் சங்கம் அதை 1794-ல அச்சுல போட்டுச்சு.

அப்புறம் நத்தானியல் வார்டுன்னு ஒரு லண்டன் டாக்டர். பெரணின்னா உசிரு அவருக்கு. வீட்டுக்குப் பின்னால கல்லடுக்கி, தண்ணி சொட்ட வெச்சு, என்னென்னமோ பண்ணிப் பார்த்தாரு. ஊருப் புகையில எல்லாம் செத்துப் போச்சு. 1829 வாக்குல ஒரு பூச்சிக்கூட்டை ஈரமண்ணோட கண்ணாடிப் புட்டியில போட்டு மூடி வெச்சாரு. பூச்சிக்காகத்தான் வெச்சாரு. மண்ணுல இருந்த பெரணி தானா முளைச்சுது. கிட்டத்தட்ட நாலு வருசம் அந்தப் புட்டிக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி கேக்காம வாழ்ந்துது. மூடி துருப்பிடிச்சு, மழைத்தண்ணி உள்ள எறங்கினதுக்கப்புறம்தான் செத்துச்சாம். பாடுபட்டு வளர்த்தது அத்தனையும் போச்சு. கண்டுக்காம விட்டது நின்னுது. அதை வெச்சே கண்ணாடிப் பெட்டி செஞ்சு, கப்பல்ல கண்டம் விட்டுக் கண்டம் செடி அனுப்பினாரு.

சரி, வேலைக்கு வா. மொதல்ல இலையைத் திருப்பிப் பாரு. அடியில பழுப்பா பொட்டுப் பொட்டா இருக்குதா? பூச்சி விழுந்துடுச்சுன்னு வேப்பெண்ணெயைத் தூக்கிட்டு ஓடாத. போன மாசம் ஒரு புண்ணியவான் அதைத்தான் செஞ்சான். வாரிசு அத்தனையையும் எண்ணெயில குளிப்பாட்டிப்புட்டான். செதில்பூச்சின்னா அங்கொண்ணு இங்கொண்ணா காம்புலயும் ஒட்டியிருக்கும், பிசுபிசுன்னு இருக்கும். பெரணியோட பொட்டு வரிசை தப்பாது. பறவைக்கூட்டுப் பெரணியில அது நடு நரம்புல இருந்து சாய்வா கோடு கோடா போகும். கறுப்புக் காம்புப் பெரணியில இலை ஓரம் மடிஞ்சு, அந்த மடிப்புக்குள்ள ஒளிஞ்சிருக்கும். மான்கொம்புப் பெரணியில கொம்பு நுனிக்கு அடியில பழுப்பு வெல்வெட்டுத் துணி ஒட்டின மாதிரி இருக்கும். மலையில சின்னப் பசங்க கையில அடிச்சு வெள்ளையா அச்சு எடுப்பாங்களே, வெள்ளிப் பெரணி, அந்த வெள்ளைப் பொடியைத் தூவிட்டு ஒக்காந்துக்காத. அது மெழுகு. அதை வெச்சுக் கோலம்கூடப் போட முடியாது.

பொட்டு பச்சையா இருந்தா இன்னும் பிஞ்சு. நல்ல பழுப்பா, கொஞ்சம் புடைச்சு இருந்தா பதம். கந்தலாகிப் பஞ்சு மாதிரி கிடந்தா, பந்தி முடிஞ்சப்புறம் வந்திருக்கேன்னு அர்த்தம். இன்னொண்ணு: கடையில தொங்கவிட்டு விக்கற பாஸ்டன் பெரணியில பல ரகம் மலடு. அது ஓடுகொடியில குட்டி போடும், தூளுல போடாது. அதை வெச்சுக்கிட்டு ஆறு மாசம் தவம் கெடந்துட்டு, தாத்தன் ஏமாத்திட்டான்னு எம்மேல பழியைப் போடாத.

தூளுக்காக மலைக்காட்டுல பூந்து வேரோட பிடுங்கற வேலையும் வேண்டாம். மேற்கு மலைத்தொடர்ல என்னென்ன பெரணி இருக்குதுன்னு பாளையங்கோட்டை சவேரியார் கல்லூரி மாணிக்கமும் இருதயராஜும் 1992-ல ஒரு புத்தகமே போட்டாங்க. அது வாங்க வேண்டிய சாமான் பட்டியல் இல்ல. பக்கத்து வீட்டுச் சட்டியில ஒரு விரல்நீள இலைத்துண்டு கேட்டு வாங்கு. ஒரு பொட்டுக்குள்ள சின்னச் சின்னப் பை நெறைய இருக்கும், ஒவ்வொரு பையிலயும் பெரும்பாலும் 64 வித்து. உன்ற மாடி மட்டுமில்ல, உன்ற குடியிருப்பு மொத்தத்துக்கும் அது போதும்.

துண்டை வெள்ளைத்தாள் மேல பொட்டு கீழ பார்க்க வெச்சு, இன்னொரு தாளால மூடி, ரெண்டு நாளு அலமாரியில வெச்சுடு. பை காய்ஞ்சு, அதோட முதுகுல இருக்கற வளையம் பின்னால வளைஞ்சு, சடார்னு திரும்பும். அந்த வேகத்துல தூளு தெறிக்கும். கவண் செஞ்சு குடுத்தது யாருன்னு கேக்காத. தாளைத் தொறக்கறதுக்கு முன்னால மின்விசிறியை நிறுத்து, தும்மல் வந்தா வெளிய போ. தாளைச் சாய்ச்சு அடியில விரலால தட்டினா, சக்கையெல்லாம் உருண்டு ஓடும், மாவு மாதிரி நைசானது தாளுலயே ஒட்டி நிக்கும். ஓடினதை விட்டுடு, நின்னதை வெச்சுக்கோ.

மண்ணுக்கு, தென்னைநார்க் கழிவுக் கட்டியை ஊற வெச்சு, ரெண்டு மூணு தரம் தண்ணி மாத்தி உப்புப் போக அலசிப் பிழிஞ்சுக்கோ. பிரியாணி பார்சல் வந்த ஒளி போற டப்பா ஒண்ணு எடு. எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவு. தாளிச்ச வாசத்துல பெரணி வளர்றதில்ல, பூசணம்தான் வளரும். ரெண்டு விரக்கடை உயரத்துக்கு நாரைப் போட்டு, கொதிக்கற தண்ணியை ஊத்தி, மிச்சத்தை வடிச்சு, ஆற வரைக்கும் மூடி வை. சுத்தமான நாருல பெரணி முளைக்கும், சோம்பேறித்தனம் பண்ணின நாருல பாசியும் பூசணமும் முந்திக்கும். நாரு கெடைக்கலையா, பழைய செங்கல்லு ஒண்ணை வெந்நியில முக்கி எடுத்து, தட்டுல தண்ணி விட்டு அதுல நிறுத்தி, மேல தூவு. கிணத்துச் சுவருக்கு ஒத்துக்கிட்டது உன்ற வீட்டுக்கும் ஒத்துக்கும்.

தூவறதுலதான் உன்ற குணம் தெரியும். சீமந்தத்துல சந்தனம் அள்ளித் தெளிக்கற மாதிரி வாரி விட்டேன்னு வை, காரியம் கெட்டுது. ஏன்னு கேளு. அந்தத் தூளுல இருந்து நேரா பெரணி வராது. நகத்தளவுகூட இல்லாத ஒரு பச்சை இலைத்தகடு வரும், இதய வடிவத்துல, மண்ணோட ஒட்டிக்கிட்டு. அதுக்குள்ள ஆணும் பெண்ணும் உண்டாகி, அதுங்க கூடினதுக்கப்புறம்தான் பெரணி. அதாவது பேரன் தாத்தன் மாதிரியே இருப்பான். நடுவுல வர்ற அப்பன் மட்டும் யாரு ஜாடையும் இல்லாம இருப்பான். நம்ம வீட்டுலயும் அப்படித்தான், ஆனா உங்கப்பன்கிட்டச் சொல்லிடாத. இந்தத் தகட்டுல ஆணும் பெண்ணும் இருக்கறதைச் சுமின்ஸ்கிங்கற போலந்துக்காரர் 1848-ல எழுதினாரு. கூத்து என்னன்னா, பல பெரணியில மொதல்ல வளர்ந்து பெண்ணா ஆன தகடு ஒரு சாறைக் கசிய விடும். சுத்தி இருக்கற சின்னதெல்லாம் அதுல ஆணாவே மாறிடும். 1950-ல வால்ட்டர் டோப்புங்கற ஜெர்மன்காரர் இதைக் கண்டுபிடிச்சாரு. நெருக்கமாத் தூவினா டப்பா பூரா மாப்பிள்ளைங்க, பொண்ணு குடுக்க ஆளில்ல. இதைப் பத்தி உனக்கு நான் வெளக்க வேண்டியதில்ல. மூணு வருசமா ஜாதகத்தைத் தூக்கிட்டு அலையறது நாந்தானே.

அதனால கத்தி முனையில தொட்டு, தாளை லேசாத் தட்டி, பரவலாத் தூவு. மேல மண்ணு மூடாத. டப்பா மூடியை அழுத்திச் சாத்து. பேரும் தேதியும் எழுதி ஒட்டு. ஆறு மாசம் கழிச்சு அது பெரணியா, நேத்து வெச்ச ரசமான்னு வீட்டுல குழம்பக் கூடாது. வெளிச்சம் வேணும், வெயில் வேண்டாம். ஜன்னல் வெயிலு நேரா அடிச்சா உள்ள அவிஞ்சு, டப்பா மறுபடியும் பிரியாணி ஆயிடும். 20-ல இருந்து 25 டிகிரி அதுக்குச் சொகம்.

எப்பத் தூவறதுன்னு கேட்டா, ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொன்னது இதுக்கும் சரியா வருது. சித்திரை வெக்கை தணிஞ்சிருக்கும். ரெண்டு வாரத்துல இருந்து ஆறு வாரத்துக்குள்ள பச்சைப் படலம் தெரியும். வழவழன்னு இருந்தா பாசி. பொடிப்பொடியா, வெல்வெட்டு மாதிரி இருந்தா உன்ற ஆளு. புரட்டாசி, ஐப்பசியில தகடு விரிஞ்சிருக்கும். அப்பத்தான் உனக்கு ஒரே ஒரு வேலை. கொதிக்க வெச்சு ஆற வெச்ச தண்ணியை மூடுபனி மாதிரி பீச்சி விடு. பெரும்பாலான பெரணியில ஆண் அணு நீந்தித்தான் பெண்கிட்டப் போகணும். தண்ணிப் படலம் இல்லேன்னா முகூர்த்தம் இல்ல. கார்த்திகை, மார்கழியில அந்தத் தகட்டோட இடுக்குல இருந்து தீக்குச்சித் தலையளவு சுருள் ஒண்ணு எட்டிப் பார்க்கும். அதுதான் நெசப் பெரணி. சில ரகம் இன்னும் நாலஞ்சு மாசம் மெத்தனம் பண்ணும். வெசனப்படாத, குப்பையில கொட்டாத.

உடனே அதைத் தனியாப் பிரிச்சு நடறேன்னு எறங்காத. மூணு நாலு இலை வந்ததும், கொத்தாவே ஸ்பூனுல அள்ளி வேற டப்பாவுல வெச்சு மூடு. வேரு பிடிச்சதும் மூடியை ஒரு விரல் தள்ளி வை, அப்புறம் பாதி, அப்புறம் முழுசா. ரெண்டு மூணு வாரம் ஆகட்டும். பனி ஈரம் இருக்கற மார்கழி, தையில இதைச் செஞ்சா அதுக்கு மலைக்காத்து மாதிரி இருக்கும். சித்திரையில தொறந்தேன்னா, ஒரே மத்தியானத்துல கருவேப்பிலை வடகம் மாதிரி மொறுமொறுன்னு ஆயிடும்.

இதுல எங்க தோப்பேன்னு எனக்குத் தெரியும். மூடியில. தினம் காலையில பல்லு விளக்கறதுக்கு முன்னால தொறந்து, முளைச்சுதான்னு எட்டிப் பார்ப்பே. தொறக்கறப்ப எல்லாம் ஈரம் வெளிய போகும், பூசணத்தூளு உள்ள வரும். அப்புறம் காஞ்சிருக்கேன்னு குழாய்த்தண்ணியை ஊத்துவே. அப்புறம் ஒரு யூடியூபுக்காரன் சொன்னான்னு உரம் போடுவே. அப்புறம் எனக்கு போன் போடுவே.

அதனால கடைசியா ஒரு யோசனை. ஆடியில தூவி மூடினதும் ஊருக்குப் பொறப்பட்டு வா. செடிக்கு யாரு தண்ணி ஊத்துவாங்கன்னு ஒவ்வொரு நோம்பிக்கும் சாக்குச் சொல்லுவியே, இந்தச் செடிக்கு அந்தச் சாக்குச் செல்லாது. பத்து நாளு இருந்து கம்பஞ்சோறு தின்னுட்டுப் போ. புரட்டாசி வரைக்கும் அந்த டப்பாவுக்கு உன்னால ஆகக்கூடிய ஒரே உபகாரம், கை எட்டாத தூரத்துல இருக்கறதுதான். எனக்கும் பொண்ணு வீட்டுக்காரங்களை வரச்சொல்லத் தோதா இருக்கும்.