ருசி பார்க்க ஐந்து ஆட்டம்

கேள்வி: நம்மூர் பெத்தாங்க்கை மொபைல் விளையாட்டாகச் செய்திருக்கிறேன். ஐந்து ஆட்டம் மட்டும் கொண்ட இலவச 'டிரையல்' பதிப்பைத் தனியாக அனுப்பினால் ஆப் ஸ்டோரில் அனுமதி கிடைக்குமா?
- வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: 'டிரையல்' என்ற பெயரோடு போனால் வாசலிலேயே நிறுத்துவார்கள். டெமோ, பீட்டா, டிரையல் பதிப்புகளுக்குக் கடையில் இடமில்லை என்கிறது ஆப்பிளின் 2.2-வது விதி, சோதித்துப் பார்க்க அதன் டெஸ்ட்ஃபிளைட் சேவை இருக்கிறது. மிட்டாய்க் கடைக்காரர் ருசி பார்க்கத் தரும் விள்ளலும் வெந்த மைசூர்பாகுதானே? உங்கள் ஐந்து ஆட்டமும் அப்படி முழுசாக இருக்கட்டும். 'விரைவில் வரும்' என்று பல்லிளிக்கும் பொத்தான்கள் வேண்டாம்.

தனிப் பதிப்பே எதற்கு? இலவச ஆப்புக்குள் விற்பனை செய்ய 2009 அக்டோபரில்தான் ஆப்பிள் அனுமதித்தது. அதுவரை 'லைட்' என்ற தனி இலவசப் பதிப்பு தேவைப்பட்டது. இன்று ஒரே விளையாட்டுப் போதும்: ஐந்து ஆட்டம் இலவசம், மீதி ஒருமுறை பணம் கட்டினால் திறக்கும். வாங்கியவர் போனை மாற்றினால் மீட்டெடுக்க ஒரு பொத்தான் வையுங்கள். பலர் மறப்பது இதைத்தான்.

ஆப்பிளில் பரிசீலிப்பவர் பெத்தாங்க்கைப் பார்த்தே இருக்கமாட்டார். இரும்புக் குண்டை மரக்குண்டுக்குப் பக்கத்தில் போடுவதுதான் ஆட்டம் என்று பரிசீலனைக் குறிப்பில் எழுதிவிடுங்கள்.

கூகுள் பிளேயில், 2023 நவம்பர் 13-க்குப் பின் தொடங்கிய தனிநபர் கணக்கென்றால், வெளியிடும் முன் 12 பேராவது தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருக்க வேண்டும். ஊரில் நிஜமாகவே பெத்தாங்க் ஆடும் பெரியவர்களைப் பிடியுங்கள். குண்டு தப்பாக உருண்டால் முதல் நாளே சொல்லிவிடுவார்கள்.