ஒரு தரம், ரெண்டு தரம்...

புகலிடம் என்று பேர் வைத்துவிட்டு, அடியில் கிடக்கும் எண்ணெயைச் சும்மா விட்டுவைப்பது எவ்வளவு பெரிய ஊதாரித்தனம்! அலாஸ்காவின் ஆர்க்டிக் தேசியக் காட்டுயிர்ப் புகலிடத்தைப் பார்த்து அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு இந்தக் கவலை வந்தது. கடலோரச் சமவெளி மட்டும் சுமார் 15 லட்சம் ஏக்கர். கேரிபூ மான்கள் வந்து கன்று ஈனுகின்றன. பனிக்கரடிகள் வளை தோண்டிக் குட்டி போடுகின்றன. வாடகை? ஒரு காசு கிடையாது.

ஆகவே 2017-இன் வரிக்குறைப்புச் சட்டத்திலேயே இரண்டு எண்ணெய்க் குத்தகை ஏலங்களையும் சேர்த்துவிட்டார்கள். வரியில் விட்டதைக் கரடி வளையில் பிடிக்கும் சாமர்த்தியம்!

முதல் ஏலம் 2021 ஜனவரியில். பெரிய எண்ணெய் நிறுவனம் எதுவும் எட்டிப்பார்க்கவில்லை. ஏலம் போன 11 மனைகளில் 9-ஐ எடுத்தது அலாஸ்கா மாநில அரசின் சொந்த நிறுவனம். ஒரு அரசு விற்க, இன்னொரு அரசு வாங்க, தரகர் தொல்லையே இல்லாத தூய வணிகம். இரண்டு ஏலத்திலும் 100 கோடி டாலருக்கு மேல் வரும் என்பது கணக்கு. வந்தது சுமார் 1.4 கோடி. சில்லறை விஷயம்.

2025 ஜனவரியில் இரண்டாவது ஏலம். ஒருவர்கூடக் கேட்கவில்லை.

இத்தனை வரவேற்பு உள்ள திட்டத்தைக் கைவிடலாமா? அதே ஆண்டு ஜூலையில் வந்த புதுச் சட்டம் இன்னும் நான்கு ஏலங்களைக் கட்டாயமாக்கியிருக்கிறது.