பெட்டிக்கடையும் காந்தமும்

கேள்வி: தலையில் காந்தத்தை வைத்தால் சிகரெட் பழக்கம் போய்விடுமாமே, நிஜமா?

பதில்: கால்வாசி நிஜம். பக்கவாதத்தில் மூளையின் ‘இன்சுலா’ பகுதி பழுதான சிலர், ஆசையே அற்றுப்போய்ச் சிகரெட்டைச் சுலபமாக விட்டதாக 2007இல் ஓர் ஆய்வு சொன்னது. அந்த இடத்தைக் கத்தியின்றிக் காந்தத் துடிப்பால் தட்டிப் பார்த்தார்கள். 262 பேரிடம் நடந்த சோதனையில், 18ஆம் வாரம் வரையிலான கணக்குப்படி நான்கு வாரம் தொடர்ந்து புகைக்காதவர்கள் 19.4 சதவீதம், போலிச் சிகிச்சை பெற்றவர்களில் 8.7. அமெரிக்க அரசு 2020இல் இந்தக் காந்தத் துடிப்புக் கருவியை அனுமதித்தது. ‘ஐந்தில் நான்கு பேர் தேறவில்லையே’ என்பீர்கள். உண்மைதான், ஆனாலும் போலியைவிட இரு மடங்கு என்பது லேசுப்பட்டதல்ல. ‘மனஉறுதி போதாதா’ என்றால், அந்த உறுதி குடியிருப்பதும் அதே மூளையில்தான். ஒழுகும் வீட்டுக்குக் கூரை மாற்றுவது குற்றமா? ஆனால் தெருமுனைப் பெட்டிக்கடையைக் காந்தம் நகர்த்தாது. அதைத் தாண்டிப் போவது உங்கள் காலின் வேலை!