மனு வாத்தியார்

ஒவ்வொரு ஒன்றியத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர். பெயர் ஊருக்கு ஊர் மாறும். தோளில் தொங்கும் ஜோல்னாப் பை மாறாது. அதற்குள் லெட்டர்பேடு, ரசீதுப் புத்தகம், ரப்பர் ஸ்டாம்பு, மை உலராத பேடு எல்லாம் இருக்கும். "கொடுக்கிறேன்னு ஒருத்தர் வாயைத் திறந்ததும் ரசீதைக் கிழிச்சுடணும். நாளைக்கு வர்றேன்னா, ராத்திரியே சம்சாரத்தைக் கேட்டுடுவாரு" என்பது அவர் கட்சி.

அவருக்கு வேண்டியது ஒரு நூலகக் கட்டடம். இப்போதுள்ள நூலகம் அவர் நாற்காலிக்குப் பின்னால் நிற்கும் இரண்டு பீரோக்கள்தான். ஒன்றின் சாவி தொலைந்துவிட்டது. இன்னொன்றில் புத்தகங்களுக்கு மேலே குடியரசு தினக் கொடியும் கைப்பந்து வலையும் கிடக்கின்றன. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் நூலகத்துக்கு ஆண்டு மானியம் உண்டு. பள்ளியைப் பொறுத்து 5,000 முதல் 20,000 ரூபாய் வரை, வருகிறபோது வரும். அதில் புத்தகம் வாங்கலாம், சுவர் வாங்க முடியாது.

ஆகவே மனு. எம்.எல்.ஏ.வுக்குப் போவது 'தொகுதி மக்களின் நெடுநாள் கோரிக்கை'. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அதில் இந்த வருடம் மிச்சம் எவ்வளவு என்று எம்.எல்.ஏ.வின் உதவியாளருக்குத் தெரிவதற்கு முன்பே இவருக்குத் தெரியும், பி.டி.ஓ. ஆபீஸ் வாசல் டீக்கடையில் அவருக்குக் கணக்கு உண்டு. மனுவோடு கட்டடத்தின் படத்தை ஓவிய ஆசிரியரைக் கொண்டு வரைந்து இணைப்பார். அதில் ஜன்னலைவிடக் கல்வெட்டு பெரிதாக இருக்கும்.

அதே நூலகம் கம்பெனிக்குப் போகும்போது 'கற்றல் வள மையம்' ஆகிவிடும். 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135ஆவது பிரிவைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்: பெரிய கம்பெனிகள் மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பிப்ரவரி பிறந்தால் தொழிற்பேட்டைப் பக்கம்தான் சுற்றுவார். "மார்ச் 31க்குள்ள செலவு கணக்குக் காட்டணும். அந்த நேரம் பார்த்து நாம கண்ணுல படணும்."

கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் இளைஞர் கேட்பார்: "பயனாளிகள் எத்தனை பேர் சார்?"

"பிறந்தவங்க மட்டுமா, பிறக்கப் போறவங்களையும் சேர்க்கலாமா தம்பி?"

'நமக்கு நாமே' திட்டத்தில் போனால் செலவில் மூன்றில் ஒரு பங்கையாவது ஊர் போட வேண்டும். ரைஸ்மில்காரர் லேசில் மசிவாரா? "வீட்டு வரியோட ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி கட்டிக்கிட்டுத்தானே இருக்கோம், வாத்தியாரய்யா?"

"அது 1948ஆம் வருஷத்துச் சட்டங்க. பொது நூலகத்துக்குப் போகுது. பள்ளிக்கூடத்துக்குப் பைசா வராது. உங்களுக்குத்தான் சட்டமே தெரியுதே, உங்களைத் தலைவராப் போட்டு ஒரு கமிட்டி வச்சுடுவோமா?" சட்டம் பேசப்போய்த் தலைவரானவர் வேறு வழியில்லாமல் முதல் கையெழுத்தைப் போடுவார்.

2022இல் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' நன்கொடைத் திட்டம் வந்தபின் வெளியூர் போன பழைய மாணவர்களுக்கும் நிம்மதி போயிற்று. "டேய், கணக்குல நான் உன்னைப் பிரம்பால விளாசினது ஞாபகம் இருக்கா?" "இருக்கு சார்." "அது பூரா பாசம்டா. அந்தப் பாசத்துக்கு ஒரு புத்தக ரேக்."

துக்க வீட்டில் மட்டும் நாகரிகம் காப்பார். அன்றைக்கு மாலையோடு சரி. பதினாறாம் நாள் காரியத்தில், சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு மெதுவாக ஆரம்பிப்பார்: "அய்யா பேர்ல ரெண்டு மேசை போட்டா நல்லா இருக்கும்."

ஸ்டாலின் முதல்வரானதும் பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுங்கள் என்று சொன்னது இவருக்கென்றே சொன்னதுபோல ஆயிற்று. மேடை நிகழ்ச்சி எங்கே நடந்தாலும் பிரமுகரின் கார் டிக்கியருகே பை விரித்து நிற்பார். ஒரே திருக்குறள் உரை ஒன்பது பிரதி சேரும். "ஒன்பது பிள்ளைங்க ஒரே நேரத்துல படிக்கலாமே!"

இப்படியாகக் கட்டடம் எழும்பும். கல்வெட்டில் எம்.எல்.ஏ., கம்பெனி, கமிட்டி என்று எல்லார் பெயரும் அடங்கும். இடம் கிடைக்காத பெயர்களை மின்விசிறி இறக்கைக்கு ஒன்றாக எழுதிவிடுவார். விசிறி ஓடினால் உபயதாரர் முகம் வாடும், நின்றால் பிள்ளைகள் வாடுவார்கள். எல்லாவற்றுக்கும் ஆள் பிடித்தவருக்கு ஒன்று மட்டும் கைகூடவில்லை: நூலகர். அந்தப் பணியிடம் கேட்டு எழுதிய மனுவுக்குப் பதிலே வராது. ஒருவர் மாதச் சம்பளத்தில் கல்வெட்டுப் பதிக்க ஏது இடம்?

எனவே நூலகரும் அவரே. சாவியும் அவரிடமே, பூட்டு மட்டும் போடமாட்டார். ஆண்டுத் தணிக்கைக்கு வருபவர் இருப்புப் பதிவேட்டைப் புரட்டி, "பதினோரு புத்தகம் குறையுதே" என்பார்.

"குறையலைங்க. எந்தெந்த வீட்ல இருக்குன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா போதாது சார். உங்க சம்பளத்துல பிடிக்க வேண்டியிருக்கும்."

"பிடிச்சுக்குங்க. ஆமா, சார் எந்த ஊர்? எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சீங்க? அங்கே நூலகம் இருந்துச்சா?"

அந்தப் பேச்சு மூன்று மணிக்குத் தொடங்கினால் ஐந்து மணிக்கு முடியும். தணிக்கையாளர் பேருந்து ஏறும்போது அவர் அறிக்கையில் ஓர் ஆட்சேபணை கூடியிருக்கும். பர்ஸில் 500 ரூபாய் குறைந்திருக்கும்.