சௌக்கியம் என்று மட்டும் சொல்லாதே

சார்ஜா

அன்புள்ள பாப்பாவுக்கு நைனா எழுதுவது.

"எல்லாரும் நல்லாயிருக்கோம், நீங்க கவலைப்படாதீங்க." கடல் தாண்டி வந்த அப்பன்மார் அத்தனை பேருக்கும் ஊரிலிருந்து வருவது இந்த ஒரே சேதிதான். ராயபுரத்துக்காரருக்கும் அதே, எண்ணூர்க்காரருக்கும் அதே, யாரோ அச்சடித்துக் கொடுத்த மாதிரி. இங்கே தொழிலாளர் கேம்பில் அதை ஒருத்தரும் நம்புவதில்லை. கவலைப்படாதீங்க என்று காதில் விழுந்த பிறகுதான் கவலையே ஆரம்பிக்கிறது. வெளிநாட்டில் இருக்கிற அப்பனுக்கு வீட்டுச் சேதி சொல்வதென்றால் கெட்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அப்போதுதான் நல்லதை நம்புவான் என்பது என் கட்சி.

ஏரோகிராம் காலத்தில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. கடிதம் வந்து சேருவதற்குள் காய்ச்சல் இறங்கியிருக்கும், கைமாற்று வாங்கியவர் பாதியை அடைத்திருப்பார். அந்தத் தைரியத்தில், போன வாரம் உடம்பு முடியவில்லை, இப்போது எழுந்து நடமாடுகிறாள் என்று நோயையும் குணத்தையும் ஒரே வரியில் எழுதிவிடுவார்கள். அவசரமென்றால் தந்தி. அதையும் 2013 ஜூலையில் அரசாங்கம் நிறுத்திவிட்டது. இப்போது நொடியில் முகம் தெரிகிறது, முகத்தைப் பார்த்து நோயைச் சொல்ல யாருக்கும் மனசு வருவதில்லை. போனை வெள்ளையடித்த சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு வரிசையாகச் சிரிக்கிறீர்கள். கேமரா மறைப்பதை மைக் மறைக்குமா? பின்னால் கன்டெய்னர் லாரி ஹாரன் அடிக்கிறது, இரண்டு ஹாரனுக்கு நடுவில் பாட்டி இருமுகிறாள். மே மாதம் வஞ்சிரம் வறுத்தோம் என்கிறீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை காசிமேட்டில் விசைப்படகு கடலுக்குப் போகாது என்பது சார்ஜாவுக்கு வந்தால் மறந்துவிடுமா? ஒன்று, கேட்ட விலையைக் கொடுத்து ஏமாந்திருக்கிறீர்கள். இல்லை, எனக்குப் படம் காட்டுகிறீர்கள்.

"தூரத்தில் இருக்கிற மனுஷன், தெரிந்து என்ன செய்யப் போகிறார், தூக்கம்தான் கெடும்" என்று உன் அம்மா சொல்வாள். பேச்சுக்கு நியாயம்தான். ஆனால் தூக்கம் கெடுவது உங்களால் மட்டும் இல்லையே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்தது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் போகும் அமோனியாக் குழாய் கசிந்து, ஜனங்கள் மூச்சுத் திணறி வீட்டைவிட்டு ஓடினார்கள். இங்கே மணி நம் ஊருக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். அங்கே நடுராத்திரி என்றால் இங்கே பத்தரை. அப்படிப்பட்ட ஊரை விட்டு வந்தவனுக்குச் செய்தி சேனல் முதலில் சொல்லிவிடும். வீட்டிலிருந்து வரவேண்டியது, நம் தெருவுக்கு நாற்றம் வந்ததா, யார் யார் எங்கே போய்ப் படுத்தீர்கள் என்கிற மிச்சம். அதைச் சொல்லாவிட்டால் மிச்சத்தை அவனே இட்டுக்கட்டிக்கொள்வான். அப்பன் இட்டுக்கட்டுவதில் ஒருத்தராவது ஆஸ்பத்திரியில் இருப்பார்.

என்ன செய்ய முடியும் என்பதற்கும் பதில் உண்டு. இங்கிருந்து கஷாயம் போட்டுத்தர முடியாது, பணம் அனுப்ப முடியும். அதற்குத்தானே வந்தது! வளையலை அடகு வைத்த மாதமே தெரிந்தால் ஓவர்டைம் பார்த்து மீட்டுவிடலாம். வட்டி ஏறி, நகை மூழ்கிப்போகும் சமயத்தில் தெரிந்தால் மனசைத் தேற்றிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. மறைக்கிறவர்கள் பாசத்தில் மறைக்கிறார்கள், லாபம் அடகுக்கடைக்காரருக்கு.

"நீங்க மட்டும் எல்லாத்தையும் சொல்றீங்களா?" என்று நீ மடக்குவாய். சரியான கேள்வி. ஒப்பந்தம் இரண்டு பக்கமும்தான் செல்ல வேண்டும். இந்த நாட்டில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30லிருந்து 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. மதியம் ஓய்வு தருகிறார்கள் என்று மட்டும் சொன்னால் ஏதோ உத்தியோகம் மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் வெயில் 45 டிகிரியைத் தொடும் என்பதையும் சேர்த்து எழுதிவிட்டேன், உன் அம்மாவிடம் மெதுவாகப் படித்துக் காட்டு.

நாம் முகம் பார்த்துப் பேசுவது வேறு ஆப்பில். வாட்ஸ்அப் கால்தான் இங்கே போகாதே தவிர, அதில் குரல் பதிவுக்குத் தடையில்லை. அது பழைய கடிதம் மாதிரி, முகம் பார்க்காமல் பேசலாம். ஞாயிற்றுக்கிழமை ஒன்று அனுப்பு. கெட்டதை முதலில் சொல், நல்லதைப் பிறகு சொல். பாட்டியின் மருந்துச் சீட்டையும் போட்டோ எடுத்து அனுப்பு.

இப்படிக்கு,
உன் நைனா