மூட்டைக்காரன் கட்சி

ஏற்காட்டில் இரண்டு ராத்திரி முகாம் என்றால் என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று குழுத்தலைவர் கொடுக்கும் தாளில் பத்து வரிகூட இருக்காது. மூட்டைக்காரன் அந்தத் தாளையே இரண்டு நகல் எடுத்து, ஒன்றை உறையில் போட்டுப் பையின் அடியில் வைப்பான். சபை வாலிபர் ஐக்கியமோ, சாரணர் படையோ, கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டமோ, எந்தக் கூட்டத்திலும் இப்படி ஒருவன் உண்டு. வேனை நோக்கி அவன் வரும்போது முதலில் பைதான் தெரியும். ஆள் பின்னால் வருவான். பைக்குள் ஜங்ஷன் பாக்ஸ், நைலான் கயிறு, ஒரு கொத்து ஊக்கு, தைலம், ஓம வாட்டர், ஊசி நூல், ஒரு பூட்டு, அதற்கு மூன்று சாவி. ஊறுகாய்ப் பாட்டிலைச் சுற்றி ஒரு கவர், அந்தக் கவரைச் சுற்றி இன்னொரு கவர். தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கேரி பேக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. இவை அதற்கு முந்திய பரம்பரைச் சொத்து. “வீடு மாத்துறியா மச்சி?” என்று வேனே சிரிக்கும். அது நன்றிகெட்ட சிரிப்பு என்பது என் கட்சி.

சிரிக்கிறவன் யார் என்று பாருங்கள். தோளில் துணிப்பை, அதில் ஒரு டீ-ஷர்ட், பிளக் இல்லாத சார்ஜர் ஒயர். “நான் எப்பவும் லைட்டாத்தான் வருவேன்” என்பான். கேட்பதற்குத் துறவிபோல இருக்கும். துறவி உண்பதும் ஊரார் சோறுதானே! சேலம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவு, ஏற்காடு ஏறத்தாழ 1500. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும் என்று பள்ளிப் புவியியலிலேயே படித்திருக்கிறோம். அந்தக் கணக்கில் 20 கொண்டை ஊசி வளைவுகள் தாண்டுவதற்குள் எட்டு டிகிரி இறங்கிவிடுகிறது. அடிவாரத்தில் சிரித்த வாய், ராத்திரி பல் தந்தி அடித்துக்கொண்டு “மச்சி, ஸ்வெட்டர் எக்ஸ்ட்ரா இருக்கா?” என்று கேட்கும். இருக்கும். அடுத்து பேஸ்ட், அப்புறம் கொசுவத்தி, அறுந்த செருப்புக்கு ஊக்கு, சனிக்கிழமை இரவு பிரியாணிக்குப் பிறகு ஓம வாட்டர். ஜங்ஷன் பாக்ஸில் ஐந்து போன்கள் தொங்கும். ஆறாவதாக அவனுடைய போன் இடத்துக்குக் காத்திருக்கும். லைட்டாக வந்தவனின் எடை எங்கும் குறையவில்லை. இவன் தோளுக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதற்குச் சாரணர் வரலாற்றைக் காட்டி மறுப்பவர்கள் உண்டு. 1907-இல் பிரவுன்சீ தீவில் இருபது சொச்சம் பையன்களோடு முகாம் போட்ட பேடன் பவல் தந்த முழக்கம் ‘பி பிரிப்பேர்ட்’, அதாவது ‘தயாராக இரு’. அவர் பெயருக்கும் பி.பி., முழக்கத்துக்கும் பி.பி. (நமக்கு பி.பி. என்றால் ரத்தக் கொதிப்பு. மூட்டைக்காரனுக்கு இரண்டும் ஒன்றே.) அவர் சொன்ன தயார்நிலை மனத்திலும் உடலிலும் இருக்க வேண்டியது, மூட்டையில் அல்ல என்பார்கள். சரிதான். ஆனால் மனம் எவ்வளவு தயாராக இருந்தாலும் பல் தேய்க்கப் பேஸ்ட் வேண்டும். எடையைக் காட்டுபவர்களும் உண்டு. 2020-ஆம் ஆண்டின் பள்ளிப்பைக் கொள்கை, பை மாணவரின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. அறுபது கிலோ ஆளுக்கு ஆறு கிலோ. நான்கு லிட்டர் தண்ணீருக்கே நான்கு கிலோ போய்விடுமே, இவன் பை பதினெட்டுக் கிலோ அல்லவா என்றால், வகுக்க வேண்டிய எண்ணைத் தப்பாக எடுக்கிறீர்கள் என்பேன். அதை வைத்துப் பிழைப்பவர்கள் பன்னிரண்டு பேர். தலைக்கு ஒன்றரைக் கிலோ. கொள்கைக்குள் தாராளமாக அடங்குகிறது.

அவன் கொடையாளி இல்லை, வெறும் பயந்தாங்கொள்ளி என்பதும் ஒரு வாதம். இருக்கட்டும். கொடுப்பவன் மனத்தைச் சோதித்துப் பார்த்தா ஊக்கு வாங்குகிறோம்? ஒரே ஒரு குற்றச்சாட்டுக்குத்தான் என்னிடம் பதில் இல்லை. கரண்ட் போனதும் அவனிடம் டார்ச் கேட்டால், அது பையின் அடியில், ஜமுக்காளத்துக்கும் கீழே இருக்கும். அதைத் தேட இன்னொருவன் போனில் வெளிச்சம் அடிக்க வேண்டும். அவன் முறுக்கு டப்பா எங்கே இருக்கிறது என்பது மட்டும் ஏற்காட்டுக் குரங்குகளுக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஞாயிறு மதியம் முறுக்கு, ஊறுகாய் எல்லாம் தீர்ந்த பிறகும் அவன் பை முன்னைவிடக் கனமாகத்தான் இருக்கும். லைட்டாக வந்தவர்களின் ஈரத்துண்டுகள் அதற்குள்தான் ஊருக்குத் திரும்புகின்றன. வேனில் ஏற்றும்போது ஒரு பக்கம் நீங்களும் கை கொடுங்கள். அந்த ஊக்கையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவன் எண்ணி வைத்திருக்கிறான்.